பட்டை சேர்ப்பதற்கு முன் டேப்பை எடுங்கள்

"அண்ணே, பின்னாடி உக்காந்துருச்சு. ஒரு பட்டை சேத்து விடுங்க."

ஸ்பிரிங் பட்டறைக்கு வரும் பிக்கப் ஓட்டுநர் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். பட்டை என்பது பின்பக்கப் பாரத்தைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் வளைந்த எஃகுத் தகடு, அந்த அடுக்கு முழுவதும் சேர்ந்தது கட்டு. நோயையும் அவரே சொல்லி, மருந்தையும் அவரே எழுதிவிடுகிறார். பட்டறையிலும் மறுத்துப் பேச மாட்டார்கள். பழைய லாரியிலிருந்து கழற்றிய பட்டை ஒன்றை அளவுக்கு வெட்டி உள்ளே சொருகி, பட்டைகளை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட்டை இறுக்கி அனுப்பிவிடுவார்கள். அன்று சாயங்காலமே வண்டி நிமிர்ந்து நிற்கும். அதற்குப் பிறகு, காலி வண்டியில் பின்பக்கம் குதிக்கும், பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் அடிக்கத் தொடங்கும், மழையில் பிரேக் பிடித்தால் வால் வீசும். கடைசியில் முறிவது பெரும்பாலும் புதிதாகச் சேர்த்த அந்தப் பட்டையாகத்தான் இருக்கும்.

இதில் பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. உயரம் வேறு, விறைப்பு வேறு. வண்டி தாழ்ந்து நிற்பது ஒரு கோளாறு, சுமை ஏற்றினால் அளவுக்கு மீறி அமுங்குவது இன்னொரு கோளாறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் தப்பு. எது நம் வண்டியின் கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு டேப், பத்து மூட்டை சிமென்ட், அரை மணி நேரம் போதும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடுவோம். "பட்டை தளர்ந்துபோச்சு" என்பார்கள். எஃகு அப்படித் தளர்வதில்லை. பத்து வருடம் ஓடிய பட்டையும் நேற்று வாங்கிய பட்டையும் ஒரே அளவில் இருந்தால், ஒரே சுமைக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் அமுங்கும். துரு தின்று மெலிந்திருந்தால் ஒழிய விறைப்பு குறையாது. குறைவது வளைவு. மீண்டும் மீண்டும் எல்லை தாண்டி அழுத்தப்பட்ட பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரமாக நிமிர்ந்துவிடும். இதைத்தான் உட்கார்வது என்கிறோம். விறைப்பு உண்மையாகவே குறைந்திருந்தால், கட்டுக்குள் ஏதோ ஒரு பட்டை முறிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அளப்பதற்குச் சமதளம் முக்கியம். எடை மேடையின் தட்டு கிடைத்தால் அதைவிட நல்ல தளம் இல்லை, காலி எடையையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். வண்டி காலியாக இருக்கட்டும், ஓட்டுநர் இறங்கிவிடட்டும். டூல்பாக்ஸ், தார்பாய், ஸ்டெப்னி எல்லாம் வழக்கமான இடத்தில் இருக்கலாம். வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, கைப் பிரேக் போடாமல் நிறுத்துங்கள். பட்டைகளுக்கு இடையே உராய்வு இருக்கிறது, பட்டையின் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் ரப்பர் புஷ்ஷிலும் பிடிப்பு இருக்கிறது. உருட்டாமல் அளந்தால் அந்தப் பிடிப்பே பத்து மில்லிமீட்டர் பொய் சொல்லும். பின் சக்கர ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே, லோடு பாடியின் அடிச்சட்டம் வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காமல் ஹப்பிலிருந்து அளப்பதால் டயரின் அமுக்கம் கணக்கில் வராது.

பிறகு 50 கிலோ சிமென்ட் மூட்டை பத்தை, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, இடம் வலம் சமமாக அடுக்குங்கள். ஆக்ஸிலுக்கு முன்னால் தள்ளி வைத்தால் சுமையில் ஒரு பங்கு முன் சக்கரத்துக்குப் போய்விடும், கணக்கு கெட்டுவிடும். மறுபடியும் பத்தடி உருட்டி, மறுபடியும் அளந்து எழுதுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். இடது பக்கம் காலியில் 402 மி.மீ., மூட்டை ஏற்றியதும் 352. வலது பக்கம் காலியில் 378, ஏற்றியதும் 328. வலது பக்கம் 24 மி.மீ. தாழ்ந்திருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் அமுங்கியது சரியாக 50 மி.மீ. ஒரு பக்கத்துக்கு 250 கிலோ, 50 மி.மீ. என்றால் மில்லிமீட்டருக்கு 5 கிலோ. விறைப்பு இரண்டிலும் ஒன்றே. வலது கட்டு உட்கார்ந்திருக்கிறது, உடையவில்லை. அதே வலது பக்கம் 378-லிருந்து 313-க்கு இறங்கியிருந்தால் அமுக்கம் 65 மி.மீ. அப்போது சந்தேகமே வேண்டாம், வலது கட்டில் ஒரு பட்டை போயிருக்கிறது. இரண்டு பக்கமும் உயரமும் சமம், அமுக்கமும் சமம், ஆனாலும் லோடு ஏற்றினால் பம்ப் ஸ்டாப்பில், அதாவது ஆக்ஸில் சேஸிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பரில், இடிக்கிறது என்றால், முதல் சந்தேகம் பட்டை மேல் இல்லை, லோடு மேல்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மஹிந்திரா பொலேரோ பிக்கப்பில் 1.7 என்று எழுதியிருப்பது 1,700 கிலோ சுமைத் திறனைக் குறிக்கிறது. நம் ஊரில் எம்-சாண்டை யூனிட் கணக்கில்தான் விற்கிறோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கால் யூனிட் எம்-சாண்ட் ஈரத்தைப் பொறுத்து 1,100 முதல் 1,250 கிலோ வரை வரும். அரை யூனிட் ஏற்றினால் 2,200-க்குக் குறையாது. அதாவது 1.7 வண்டியில் அரை யூனிட் ஏற்றினால் குறைந்தது அரை டன் கூடுதல். "அரை யூனிட்தானே" என்று வாய் சொல்லிவிடும், அந்த அரை டன்னைச் சுமப்பது பட்டை. எடை மேடைச் சீட்டையும் ஆர்.சி. புக்கில் உள்ள மொத்த எடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஸ்பிரிங் பட்டறைக்குப் போவதில் பயனில்லை.

சுமை எங்கே உட்கார்கிறது என்பதும் முக்கியம். கட்டுக்கம்பி, பி.வி.சி. பைப் மாதிரி நீளச் சாமான் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகும். சுமையின் நடு ஆக்ஸிலுக்குப் பின்னால் விழுந்தால், பின் ஆக்ஸில் அந்தச் சுமையை விடக் கூடுதலாகச் சுமக்கும். மூன்று மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில், 300 கிலோ சுமையின் நடு ஆக்ஸிலுக்கு 60 செ.மீ. பின்னால் இருந்தால், பின் ஆக்ஸிலுக்கு 360 கிலோ போகிறது. கூடுதல் 60 கிலோ முன் சக்கரத்திலிருந்து பறித்தது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று ஓட்டுநர் சொல்வது அதனால்தான்.

இப்போது வண்டிக்கு அடியில் போகலாம். ஜாக்கை மட்டும் நம்பிப் போகக் கூடாது. சேஸிஸில் ஸ்டாண்டு வைத்து, முன் சக்கரத்துக்குக் கட்டை போட்ட பிறகுதான்.

கமான் பட்டை சிரிக்கும் வாய் மாதிரி வளைந்திருக்கிறது, குழிவு மேல்பக்கம். சுமை ஏறினால் முனைகள் கீழே வந்து வாய் விரியும், அப்போது ஒவ்வொரு பட்டையின் மேல்முகமும் இழுபடும். இழுபடும் முகத்தில்தான் விரிசல் பிறக்கும். சங்கடம் என்னவென்றால், உச்சிப் பட்டை தவிர மற்றவற்றில் அந்த மேல்முகத்தை மறைத்தபடி அடுத்த பட்டை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே விரிசலை முகத்தில் தேட முடியாது, பட்டையின் பக்கவாட்டு விளிம்பில்தான் தேட வேண்டும். கம்பி பிரஷ்ஷால் சேற்றைச் சுரண்டி, மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். விளிம்புக்குக் குறுக்கே தலைமயிர் மாதிரி ஒரு கோடும் அதிலிருந்து வழிந்த செங்காவித் துருவும் தெரிந்தால் அது விரிசல். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டை, யூ போல்ட் பிடி முடியும் இடம், மிக நீளமான மெயின் பட்டையின் முனையில் சுருட்டிய வளையமான கண்ணுக்கு அருகில், கீழ்ப்பட்டையின் நுனி மேல்பட்டையைக் குத்தும் இடம், இந்த நான்கையும் விடாமல் பாருங்கள். ஒரு பட்டை மட்டும் பக்கவாட்டில் அரை விரல் நகர்ந்திருந்தால் அது முறிந்திருக்கலாம், அல்லது பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் விழுந்திருக்கலாம். கழற்றிய பட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்லது மணி மாதிரி இழுக்கும், விரிசல் விட்டது 'டப்' என்று செத்துப்போகும். பழைய முறை, இன்றும் ஏமாற்றுவது குறைவு.

ஷாக்கிளையும் பார்த்துவிடுங்கள். பட்டை நிமிர நிமிரக் கண்ணுக்குக் கண் உள்ள தூரம் நீளும், அந்த நீளத்தை விழுங்க ஷாக்கிள் பின்னோக்கிப் படுக்கும். காலி வண்டியிலேயே ஷாக்கிள் பின்னால் படுத்திருந்தால் கட்டு உட்கார்ந்துவிட்டது. பாரம் கூடும்போது மட்டும் கைகொடுக்கும் ஹெல்ப்பர் பட்டை இருக்கும் வண்டியில் இன்னும் சுலபம். ஹெல்ப்பரின் முனைக்கும் சேஸிஸில் அது போய் உட்காரும் பேடுக்கும் நடுவே காலியில் இடைவெளி இருக்க வேண்டும். காலியிலேயே தொட்டுக்கொண்டிருந்தால் மெயின் கட்டு தன் உயரத்தை இழந்துவிட்டது, ஹெல்ப்பர் இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பம்ப் ஸ்டாப் ரப்பரின் முகம் பளபளவென்று தேய்ந்திருந்தால் அடிக்கடி இடித்திருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால் அவசரப்பட்டு அந்தப் பக்கப் பட்டையைக் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு கட்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் பட்டை. மாறாமல் அதே பக்கம் நின்றால் கட்டைச் சேஸிஸில் பிடிக்கும் ஹேங்கர், புஷ், அல்லது வளைந்த சேஸிஸ். ஷாக் அப்சார்பரை மாற்றினால் உயரம் வரும் என்று பணம் செலவழிப்பவர்கள் நிறைய. ஷாக் ஆட்டத்தை அடக்கும், எடையைத் தாங்காது.

சரி, உட்கார்ந்துவிட்டது என்று உறுதியாகிவிட்டது. அடுத்து என்ன?

மலிவான வழி, கமான் ஏற்றுவது. பட்டையை இரண்டு தாங்கிக்கு நடுவே வைத்துக் குழிவில் சம்மட்டியால் அடித்துப் பழைய வளைவைக் கொண்டுவருவார்கள். சில மாதம் நிற்கும், பிறகு பழையபடி உட்காரும். காரணம் இருக்கிறது. ஆலையில் பட்டையைச் சூடாக்கி எண்ணெயில் முக்கி, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதம் கொடுத்து, இழுபடும் முகத்தில் சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து இறுக்குவார்கள். கடைசியில் வண்டியில் வரப்போகும் சுமையைவிடக் கூடுதலாக, சுமை வரும் அதே திசையில் ஒருமுறை அழுத்தி விடுவார்கள். இதனால் மேல்முகத்துக்குள் ஓர் அமுக்கம் பூட்டப்படுகிறது, சுமையின் இழுப்பு முதலில் அந்த அமுக்கத்தைத் தின்ற பிறகுதான் உலோகத்தைத் தொடும். சம்மட்டி அடி எதிர்த் திசையில் வளைக்கிறது. பூட்டிய அமுக்கம் போய், அதே முகத்தில் இழுப்பு குடியேறுகிறது. போதாததற்குச் சம்மட்டி பதிந்த ஒவ்வொரு குழியும் விரிசலுக்கு விதை. கரி உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்துத் தண்ணீரில் முக்குவது இதைவிட மோசம். வெப்பத்தை அளக்காமல் செய்யும் பதம் கண்ணாடியாகவும் வரலாம், களிமண்ணாகவும் வரலாம்.

அடுத்தது, பட்டை சேர்ப்பது. இங்கே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 8 மி.மீ. பட்டைக்குப் பதில் அதே நீளம், அதே அகலத்தில் 9 மி.மீ. போட்டால் விறைப்பு 42 சதவீதம் கூடும். 10 மி.மீ. போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே கனமுள்ள ஐந்து பட்டைக் கட்டில் அதே கனத்தில் ஆறாவதைச் சேர்த்தால் கூடுவது சுமார் 20 சதவீதம்தான். 'கனமான லாரிப் பட்டை போட்டேன், பலம்' என்பதில் உள்ள ஆபத்து இதுதான். எல்லாப் பட்டையும் ஒன்றாகக் கட்டப்பட்டு ஒரே அளவு வளைகின்றன. ஒரே வளைவுக்குக் கனமான பட்டையின் முகம் அதிகம் இழுபடும், 8-க்குப் பக்கத்தில் 10 போட்டால் 25 சதவீதம் அதிகம். கூட்டத்தில் தடியானவர் பெரும்பங்கைச் சுமந்து முதலில் விழுவார். சேர்ப்பதானால் கட்டில் உள்ள கனத்திலேயே, கட்டில் உள்ள அகலத்திலேயே சேருங்கள்.

இன்னொரு நுணுக்கம், வளைவு. கட்டைப் பிரித்துப் பார்த்தால் குட்டைப் பட்டைகள் மெயின் பட்டையைவிடக் கூடுதலாக வளைந்திருப்பது தெரியும். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நடுவில் இடைவெளி நிற்கும், சென்டர் போல்ட் இறுக்கும்போதுதான் அது மூடும். அந்த இறுக்கம்தான் மெயின் பட்டையின் பாரத்தைக் குட்டைப் பட்டைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. தட்டையான பழைய பட்டையைச் சொருகினால் அது கட்டோடு சும்மா சவாரி செய்யும், வண்டி பாதி அமுங்கிய பிறகுதான் வேலைக்கு வரும்.

பாரபோலிக் பட்டை உள்ள வண்டியில் சேர்க்கும் பேச்சே கிடையாது. நடுவில் கனமாகவும் முனைக்குப் போகப் போக மெலிந்தும் இருக்கும் இரண்டு மூன்று பட்டைகள், நடுவிலும் முனையிலும் தவிர வேறெங்கும் தொடாதபடி அமைத்தவை. நடுவே ஒரு சாதாரணப் பட்டையைச் சொருகினால் உரசி உரசி மேல்முகத்தைச் சுரண்டிவிடும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதும் உயரம் மட்டும் தரும், தாங்கும் திறனில் ஒரு கிலோகூடக் கூட்டாது.

எங்கள் பரிந்துரை இது. ஆர்.சி.-யில் உள்ள எடைக்குள் ஓடும் வண்டி என்றால் கம்பெனி அளவிலேயே புதுக் கட்டு, இரண்டு பக்கமும் ஜோடியாக. அதே மாடலில் கூடுதல் சுமைத் திறன் கொண்ட ரகம் இருந்து, அளவும் பொருந்தினால் அதன் கட்டு. போகும்போது லோடு, வரும்போது காலி என்று ஓடும் வண்டிக்கு ஹெல்ப்பர்தான் சரி, பாதிச் சுமைக்கு மேல்தான் அது தொடும், காலியில் வண்டி குதிக்காது. புதுக் கட்டு வாங்கினால் புஷ், ஷாக்கிள் பின், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதிது. குறிப்பாக யூ போல்ட். ஒருமுறை இறுக்கியதில் அது நீண்டுவிடும், மறுமுறை இறுக்கினால் பிடிப்பு நிற்காது. யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் தனியாக மாட்டிக்கொண்டு வெட்டுப்படும், ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் போய் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும்.

மாட்டும் வேலையில் தப்பு நடக்கும் இடங்கள் சில. எடை சேஸிஸ் ஸ்டாண்டில், ஆக்ஸில் தனி ஜாக்கில் இருக்க வேண்டும். ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலை இறக்கும்போது பிரேக் ஹோஸையும் கைப் பிரேக் கேபிளையும் கண் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஹோஸ் இழுபட்டால் நின்றுவிடுங்கள். கட்டைப் பிரிக்கும்போது சென்டர் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஜி கிளாம்ப் போட்ட பிறகே நட்டைத் தொடுங்கள். இறுகிக் கிடக்கும் பட்டைகள் திடீரென விரியும், விரலைக் காப்பாற்றிக்கொள்ள நேரம் தராது. சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் பேடில் உள்ள குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று தடவிப் பாருங்கள். ஒரு பட்டை சேர்த்திருந்தால் அதன் கனத்துக்கு ஏற்ப யூ போல்ட்டும் நீளமாக வேண்டும், நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரையாவது தெரிய வேண்டும். நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று சுற்றில், சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டையும் ஷாக்கிள் போல்ட்டையும் மட்டும் அந்தரத்தில் இறுக்கிவிடாதீர்கள். வண்டி நான்கு சக்கரத்தில் நின்ற பிறகு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சில மாதத்தில் கிழியும்.

வெல்டிங்கையும் பட்டைக்கு அருகே விடாதீர்கள். எர்த் கிளிப்பைப் பட்டையில் மாட்டிவிட்டுப் பாடியில் வெல்டு வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு நொடிப் பொறி போதும், தொட்ட புள்ளி கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். கழிவு ஆயில் ஊற்றும் பழக்கமும் வேண்டாம், அது புஷ் ரப்பரை ஊற வைத்துவிடும். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவினால் போதும், அதுவும் சாதாரணக் கட்டுக்குத்தான்.

உயரம் கூடிய பிறகு பலர் மறந்துவிடும் ஒரு பாகம் இருக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸில் உள்ள ஒரு பிரேக் வால்வுக்குச் சின்னக் கம்பி போகும். வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துச் சுமையை ஊகித்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று அந்த வால்வு முடிவு செய்கிறது. பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கினால், முழு லோடிலும் வால்வுக்கு அது காலி வண்டிதான். பின் பிரேக் அடங்கிப்போகும், நிறுத்தும் பாரம் முழுவதும் முன் பிரேக்கில் விழும். உயரம் மாற்றினால் அந்தக் கம்பியின் அளவையும் சர்வீஸ் புத்தகப்படி திருத்தியே ஆக வேண்டும். முகப்பு விளக்கின் சாய்வையும் அப்படியே. கிளம்பும்போது அடியில் அதிர்வு வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறி, கிராஸ் கஷ்டப்படுகிறது என்று பொருள்.

பட்டை எத்தனை சேர்த்தாலும் ஆர்.சி.-யில் உள்ள எடை மாறாது. டயர், ஆக்ஸில் ஹவுசிங், பேரிங், பிரேக் எல்லாம் பழைய எடைக்குச் செய்தவைதான். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், கூடுதல் சுமையை இறக்கும் செலவும் நம்முடையதே. எம்-சாண்ட் வாடகையை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி டார்க் வைத்துப் பாருங்கள், ஏதாவது ஒரு நட்டாவது நகரும். முன் ஹப்பிலிருந்து பின் ஹப் வரை இரண்டு பக்கமும் அளந்து சமமா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு அதே இடத்தில், அதே பத்து மூட்டையோடு, முதலில் எடுத்த நான்கு அளவையும் திரும்ப எடுத்து, தேதி போட்டு, டிரைவர் பக்கக் கதவின் உள்ளே பெயின்ட்டால் எழுதி வையுங்கள். அடுத்த முறை "பின்னாடி உக்காந்துருச்சு" என்று தோன்றினால், எவ்வளவு உட்கார்ந்தது என்பதற்குக் கதவைத் திறந்தால் போதும்.